பேர் போட்ட சுவரும் பேர் போடாத பெட்டிசனும்

ரோட்டோரத்தில் சுவர் வைத்திருக்கிற விவசாயியைத் தேடி ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தர் விளம்பரம் எழுத இடம் கேட்கிற கம்பெனி ஆள். இன்னொருத்தர் நேர்ல வரமாட்டார், மொட்டை பெட்டிசனா வருவார். ரெண்டு பேரையும் நான் எப்படிச் சமாளிக்கிறேன்னு ஊர்ல சில பேர் கேட்டாங்க. என் அபிப்பிராயத்தை எழுதிடறேன், ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம்.

முதல்ல விளம்பரம். சிமெண்ட், பிவிசி பைப், மோட்டார், பனியன் என்று எல்லாக் கம்பெனிக்கும் கிராமத்துச் சுவர் வேண்டும். வெள்ளையடித்து, எழுதிவிட்டுப் போவாங்க. காசு பேசி வாங்கினால்தான் உண்டு. வெயில்ல காய்ந்து விளைவிச்சுட்டு விலைக்கு வியாபாரி முகத்தைப் பார்க்கிற நமக்கு, சும்மா நிற்கிற சுவர் கொஞ்சம் சம்பாதித்தால் தப்பே இல்லை. என் சுவரில் தண்ணிப் பைப் விளம்பரம் இருக்கு. என் காட்டுக்குள்ள ஓடுறதும் அதே பைப்தான்.

ஆனா பூச்சி மருந்து விளம்பரம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிட்டேன். பைப் கம்பெனியைவிட அதிகமாகவே தர்றேன்னார். ஒரு மருந்து டப்பாவை எடுத்துப் பாருங்க, லேபிள்ல கலர் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடுமையான விஷம், அதுக்கு அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. சட்டப்படி அது லேபிள்ல இருந்தே ஆகணும். சுவரில் மருந்தோட பேரை ஆறடி உயரத்துக்கு எழுதுறாங்களே, அந்த முக்கோணத்தை எங்கேயாவது வரைஞ்சு பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. நாளைக்கு பக்கத்துக் காட்டுத் தம்பி வந்து, "ஏனுங்ணா, நீங்க இதைத்தான் அடிக்கறீங்களா?"ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? விளம்பரம் கம்பெனியோடது, ஆனா ஊருக்கு அது என் சுவர். என் சுவர் சொன்னா நான் சொன்ன மாதிரிதான்.

வயல் ஓரத்தில் விதைக் கம்பெனி நடுற போர்டும் இதே கதைதான். நல்லா விளைஞ்ச வயலாப் பார்த்து போர்டு வைப்பாங்க. அந்த வயலுக்கு எத்தனை தண்ணி பாய்ச்சினாங்க, எத்தனை மூட்டை உரம் போட்டாங்கன்னு போர்டுல இருக்காது. போர்டைப் பார்த்து விதை வாங்கினவன் கம்பெனியைத் தேடிப் போகமாட்டான், வயல்காரர் வீட்டுக்குத்தான் வருவான். அவனுக்குப் பதில் சொல்ல முடியும்னா போர்டு வைக்க விடுங்க. முடியாதுன்னா விடாதீங்க.

இனி பெட்டிசன். சுவரில் பெயிண்ட் காயறதுக்குள்ள முதல் கடுதாசி தாலுகா ஆபீசுக்குப் போயிருச்சு. ரோடு புறம்போக்கில் சுவர் கட்டி விளம்பரக் காசு சம்பாதிக்கிறேனாம். சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டார், புலப்படத்தோட ஒப்பிட்டார். சுவர் என் பட்டாவுக்குள்ளதான் இருக்கு. சரி, முடிஞ்சதுன்னு நினைச்சா, ரெண்டு மாசத்தில் அதே கடுதாசி. அப்புறம் இன்னும் ரெண்டு. தேதியைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. எழுதினவருக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

இதுல எனக்கு நஷ்டம் அரை நாள் வேலை, ரெண்டு டீ. நிஜமான நஷ்டம் வேற ஒருத்தருக்கு. உட்பிரிவுக்குப் பணம் கட்டிட்டு, எப்ப வருவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கிற குடும்பம் எங்க ஊர்லயே இருக்கு. சர்வேயர் என் சுவரை ரெண்டாவது தடவை அளந்த அன்னிக்கு அவங்க காடு அளக்காமக் கிடந்தது.

பேர் போட்டு எழுத பயமா இருக்கே என்பீங்க. நியாயம். கூலி வேலைக்குப் போற ஆள், தனக்கு வேலை தர்றவரைப் பற்றி எழுதினா அடுத்த நாள் அடுப்பு எரியாது. பீகாரைச் சேர்ந்த இன்ஜினியர் சத்யேந்திர துபே, நெடுஞ்சாலை வேலையில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பேரை ரகசியமா வைக்கச் சொல்லியும் கடுதாசி பேரோடவே பல கை மாறியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு 2004-ல் மத்திய அரசு ஓர் ஏற்பாடு செய்தது. புகார் எழுதுறவர் பேரையும் முகவரியையும் கொடுக்கணும், ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதை வெளியே சொல்லாமக் காப்பாத்தணும். மொட்டைக் கடுதாசியை அதில் எடுத்துக்க மாட்டாங்க. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான ஏற்பாடு, நம்ம தாலுகா ஆபீசுக்கு இல்லை. ஆனா இதே மாதிரி இங்கேயும் வரணும்கிறது என் கருத்து. பயப்படுறவருக்கு மறைவு வேணும், பொழுதுபோகாம எழுதுறவருக்கு அது கிடைக்கக் கூடாது.

அதுவரைக்கும் என் வழக்கம் இதுதான். முதல் கடுதாசி, பேர் இருந்தாலும் இல்லாட்டியும், அதில் அளந்து பார்க்கிற மாதிரி விஷயம் இருந்தா மதிக்கணும். அளக்க வந்த சர்வேயரிடம் நான் முகம் சுளிக்கவில்லை. அளந்து முடிச்ச பிறகு அதே வரி திரும்ப வந்தா, அதைப் புகார்னு எடுத்துக்க வேண்டியதில்லை. யார் எழுதினதுன்னு டீக்கடையில் துப்பு விசாரிக்கவும் கூடாது. விசாரிக்க ஆரம்பிச்சா சம்பந்தமே இல்லாத பங்காளி மேல சந்தேகம் வந்து, நோம்பிக்குக் கூடப் பேச்சுவார்த்தை இல்லாமப் போயிரும். அளவுக் காகிதத்தை ஒரு நகல் எடுத்து, கேட்கிற அதிகாரியிடம் கொடுத்துட்டு வேலையைப் பார்க்கப் போகணும்.

என் சுவரில் கேள்வி கேட்கவே எதுவும் இல்லைன்னு நான் சொல்லலை. வளைவுல வர்ற வண்டிக்காரர் கண்ணை அந்த எழுத்து இழுக்குதா, அடுத்து என்ன விளம்பரம் வரப்போகுதுன்னு தாராளமாக் கேளுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அடுத்த கூட்டத்துக்குப் புலப்படத்தோட நகலை எடுத்துட்டு நான் வர்றேன். நேர்ல கேட்கறவங்களுக்குப் பதில் உண்டு.