வசிப்பிடத்தைத் தெரிவு செய்யும் உரிமை

கொழும்பில் வீடு தேடுவோர் வாடகையையும் போக்குவரத்தையும் மட்டும் கருத்திற்கொள்வதில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளைத் தமிழர்களும், மருதானை, கொம்பனித்தெருப் பகுதிகளை முஸ்லிம்களும் நாடுவதற்குக் கோவிலும் பள்ளிவாசலும் தமிழ்மொழிப் பாடசாலையும் அருகிலிருப்பது ஒரு காரணமாகும். அச்சம் மற்றொரு காரணமாகும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் தப்பவில்லை. ஆயினும், அயலில் தம்மவர் இருப்பதே ஆறுதல் என்ற எண்ணம் மக்கள் மனதிலிருந்து அகலவில்லை.

விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை சகல பிரஜைகளுக்கும் வழங்குகின்றது. எனினும், 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2010 ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பின்னர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றிடம் எங்கு வாழ விரும்புகின்றீர்கள் என எவரும் கேட்கவில்லை.

நகர அபிவிருத்திக்கு நாம் எதிரானவர்களல்லர். ஆனால், இடம்பெயர்க்கப்படுவோரின் சம்மதம் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். அவர்களுக்கு அதே பகுதியிலேயே, உரிய உறுதிப் பத்திரத்துடன் மாற்று வீடு வழங்கப்பட வேண்டும். பிள்ளையின் பாடசாலையையும் தந்தையின் தொழிலையும் ஒருசேர இழக்கச் செய்யும் வீடு எத்தனை மாடிகளைக் கொண்டதாயினும் அதனை நிவாரணமாகக் கொள்ள முடியாது என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர வேண்டும்.