பச்சையும் பலனும்

பயிரின் இலை சிறிது மஞ்சளித்தவுடன் யூரியா மூட்டையைத் தேடிச் செல்வது நமது குடியானவர்களிடையே வழக்கமாகிவிட்டது. சில தினங்களில் வயல் கரும்பச்சையாக மாறுகிறது; கண் குளிர்கிறது; போட்ட பணம் வீண்போகவில்லையென்று மனமும் திருப்தியடைகிறது. ஆனால், அறுவடையானபின் களத்தில் சேரும் நெல்லோ பல சமயங்களில் அந்தப் பச்சைக்கு ஏற்றதாக இருப்பதில்லை. இதற்குக் குடியானவரின் அறியாமையே காரணமென்று கூறுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவரை இவ்வழியில் செலுத்துவது சர்க்காரின் விலைக் கொள்கையே என்பது நமது அபிப்பிராயம்.

முதலில், பயிரின் தேவை யாதென்று பார்ப்போம். தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கிறது. மணிச்சத்து வேருக்கும் மணிப்பிடிப்புக்கும் துணை செய்கிறது. சாம்பல் சத்து தண்டுக்கு உறுதியையும், நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிமையையும் அளிக்கிறது. கந்தகம், துத்தநாகம், இரும்பு, போரான் முதலியவை சிறு அளவில் வேண்டப்படினும், அவையின்றிப் பயிர் நிறைவு பெறாது. இவற்றுள் எது மிகக் குறைந்திருக்கிறதோ, அதுவே விளைச்சலின் எல்லையை நிர்ணயிக்கிறது. ஜெர்மானிய ரசாயன சாஸ்திரியான ஸ்பிரெங்கல் 1828-ல் எடுத்துரைத்து, பின்னர் லீபிக் பிரசித்தப்படுத்திய விதி இது. கடையாணி கழன்ற வண்டிக்கு இன்னுமொரு ஜோடி மாட்டைப் பூட்டுவதால் வண்டி ஊர் போய்ச் சேருமா? சாம்பல் சத்தோ துத்தநாகமோ இல்லாத நிலத்தில் யூரியாவை மேன்மேலும் இடுவதும் அத்தகையதே.

மஞ்சள் நிறம் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்வது, ஒரே சாட்சியை அரைகுறையாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்போ கந்தகமோ குறைந்தால் இளந்தளிர்கள் முதலில் வெளுக்கும். நெல் நட்ட சில வாரங்களில் இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றினால், துத்தநாகக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். வட நாட்டில் ‘கைரா’ என்று பெயர் பெற்ற இந்நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறையே என்பதைப் பந்த்நகர் விவசாய சர்வகலாசாலையைச் சேர்ந்த நெனே 1966-ல் வெளியிட்டார். இத்தகைய வயலில் யூரியாவைக் கொட்டினால் நோய் தீராது; மூட்டைதான் தீரும்.

அளவு மீறிய தழைச்சத்து வீணாவதோடு நிற்பதில்லை. தண்டு மெலிந்து நீண்டு, காற்றுக்கும் மழைக்கும் பயிர் சாய்கிறது. மிருதுவான இலையை நாடிப் புகையானும், குலைநோயும் வந்து சேருகின்றன. இட்ட யூரியாவில் பாதிக்கும் குறைவான பாகமே பொதுவாக நெற்பயிரைச் சேருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வாயுவாகக் காற்றிலும், கரைந்து நிலத்தடி நீரிலும் போகிறது.

இவை புதிதாகக் கண்ட விஷயங்களல்ல. கோயமுத்தூரில் 1909-ஆம் வருஷம் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் நூறு வருஷங்களைக் கடந்துவிட்டது. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகளைவிட, மூன்று சத்துக்களையும் சேர்த்துப் பெற்றவையும், தொழுவுரம் பெற்றவையும் மேம்பட்டு விளங்கியதை அவ்வயல் காட்டியிருக்கிறது. உண்மை தெரிந்திருந்தும் நடைமுறை ஏன் மாறவில்லை?

விடை விலைப் பட்டியலில் இருக்கிறது. 1992-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவுக்கு மட்டும் நீடித்தது. 2010-ல் சத்துக்களின் அளவுக்கேற்ப மானியம் அளிக்கும் முறை வந்தபோதும் யூரியா அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. 2024-ல் 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்க்கும், 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய்க்கும் விற்றன. கடன் வாங்கிப் பயிரிடும் குடியானவர் எதை நாடுவார்? தழை, மணி, சாம்பல் சத்துக்கள் நாலு, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் இருத்தல் நலமென்று பொதுவாகக் கூறப்படும் நாட்டில், 2022-23-ல் ஒரு பங்கு சாம்பல் சத்துக்குப் பத்துப் பங்கிற்கும் மேலாகத் தழைச்சத்து உபயோகிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை.

யூரியா விலையை உயர்த்தினால் ஏழைக் குடியானவர் நசிந்துபோவாரென்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆகையால் மானியத்தைப் பறிக்கும்படி நாம் கோரவில்லை; அதைச் சமனாக்கும்படியே கோருகிறோம். யூரியாவில் முடங்கும் தொகையின் ஒரு பாகத்தை மற்றச் சத்துக்களுக்கும், தொழுவுரத்திற்கும், தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரங்களுக்கும் திருப்பினால், செலவு கூடாது, மண்ணும் பிழைக்கும்.

மண் பரிசோதனையும் உண்மையானதாக வேண்டும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அம்சங்களைப் பரிசோதிக்க வகை செய்தது, போற்றத்தக்க முயற்சி. ஆனால், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கும், மானாவாரி நிலத்தில் பத்து ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று அத்திட்டம் வகுத்தது. அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் உடையவர் நிறைந்த நமது கிராமங்களில், பலருடைய நிலத்துக்கு ஒருவர் நிலத்து மண்ணே பதில் சொல்வதாக இது முடியும். பக்கத்து வீட்டாரின் நாடியைப் பார்த்து நமக்கு மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் ஏற்போமா? அவரவர் வயலின் மண்ணைச் சோதித்து, விதைப்புக்கு முன்பே, அவரவர் மொழியில் முடிவைச் சொல்லுதல் வேண்டும்.

வயலின் பச்சையைக் கண்டு குடியானவர் ஏமாறுவது ஒரு போகத்து நஷ்டம். மூட்டைகள் விற்ற கணக்கைக் கண்டு சர்க்கார் ஏமாறுவதோ வருங்காலச் சந்ததியின் நஷ்டம். முதலாவதைக் குடியானவர் தாமே திருத்திக்கொள்வார். இரண்டாவதைத் திருத்த வேண்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள்.