மருத்துவ ஆய்வு மக்களுக்கே!

முதுநிலை மருத்துவம் பயிலும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தாக வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. ஒரே கேள்வியைப் பல கல்லூரிகளில், ஒருவரையொருவர் அறியாமல், குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டு தனித்தனியே ஆராயும் நிலையே நிலவுகிறது. அதிலிருந்து உறுதியான முடிவு பிறப்பது அரிது. தேர்வு முடிந்ததும் ஏடுகள் நூலக அலமாரிகளில் முடங்குகின்றன. வீணாவது மருத்துவர்களின் உழைப்பு மட்டுமல்ல; ஆய்வுக்கு ஒப்புக்கொண்ட ஏழை நோயாளிகளின் நம்பிக்கையும்தான்.

இதற்கு மாற்று உண்டு. பிரிட்டனில் பயிற்சி அறுவை மருத்துவர்கள் தங்களுக்குள் கூட்டு ஆய்வு வலையமைப்புகளை உருவாக்கினர். மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதிக் கூட்டமைப்பின் முன்முயற்சியில் 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. வயிற்று அறுவையில் காயத்தின் விளிம்பைக் காக்கப் பொருத்தப்படும் சாதனத்தால் கிருமித்தொற்று குறையவில்லை என்பதை அது நிறுவியது.

இதே கூட்டு முறையில், இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளின் 54 மருத்துவமனைகளில் 5,788 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. விலை கூடிய கிருமிநாசினியும் மருந்து பூசிய தையல் நூலும், மலிவான போவிடோன் அயோடினையும் சாதாரண நூலையும் விட மேலானவை என்பதற்குச் சான்றில்லை என அது காட்டியது. அரசு மருத்துவமனைகளுக்கு இது பெரும் பயன் தரும் முடிவு. இத்தகைய கேள்வியை எழுப்புவதில் விற்பனை நிறுவனங்களுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?

முதுநிலை மருத்துவர்கள் மாவட்ட மருத்துவமனைகளில் 3 மாதம் பணியாற்றும் திட்டம் இங்கு ஏற்கெனவே உள்ளது. கல்லூரிகளையும் மாவட்டங்களையும் இணைக்கும் வலையமைப்புக்கு அதுவே அடித்தளமாகலாம். காசநோய், இரத்தசோகை, பாம்புக்கடி என உழைக்கும் மக்களை வதைக்கும் நோய்களை அது ஆராய வேண்டும்.

ஆனால் ஆய்வு மற்றொரு சுமையாகிவிடக் கூடாது. பயிற்சி மருத்துவர்களின் தொடர்பணி நாளுக்கு 12 மணி நேரத்தையும், வாரப்பணி 48 மணி நேரத்தையும் மிஞ்சக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டின் நெறிமுறை பெரும்பாலும் காகிதத்திலேயே உள்ளது. அதை நடைமுறைப்படுத்தாமல் ஆய்வு பற்றிப் பேசுவது உழைப்புச் சுரண்டலுக்கே வழிவகுக்கும்.

எனவே, பணிநேரத்துக்குள்ளேயே ஆய்வுக்கு நேரம் ஒதுக்குவது, முழுமையான பொதுநிதி வழங்குவது, கூட்டு ஆய்வில் ஆற்றும் பணியை ஆய்வேடாக ஏற்பது, பங்கேற்ற அனைவரின் உழைப்பையும் பெயர் குறித்து அங்கீகரிப்பது, நோயாளிகளின் அந்தரங்கம் காத்து முடிவுகளை மக்களுக்கு வெளியிடுவது ஆகியவற்றை ஒன்றிய அரசு உறுதிசெய்ய வேண்டும். பொதுநிதி பின்வாங்கும் இடத்தில் மருந்து நிறுவனங்கள் நுழையும். கேள்விகளையும் அவையே தீர்மானிக்கும். அதை அனுமதியாமல், பயிற்சி மருத்துவர்களும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களும் கரம்கோத்து இக்கோரிக்கைகளை வென்றெடுக்க வேண்டும்.