சுவிட்சுக்கு டேப் ஒட்டும் புத்திசாலிகள்

ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாத்தையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, படுத்துக்கிட்டே போனில் ஆன் ஆஃப் பண்றது இப்போ நம்ம ஆளுங்க வீடுகளில் ஃபேஷன். கேட்டால், "கரண்ட் மிச்சம் சார்" என்கிறார்கள். பேங்க்காரன்கிட்ட இப்படிச் சொன்னால் விடுவேனா? வாங்க, கணக்குப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் 2013 முதல் சாதாரண ஸ்டாண்ட்பைக்கு அரை வாட்தான் உச்சவரம்பு. டிஸ்ப்ளே இருந்தால் 2025 மே வரை ஒரு வாட்டாக இருந்தது. அரை வாட் வருஷம் முழுக்க ஓடினாலும் நாலரை யூனிட்கூட வராது. யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 44 ரூபாய். ஸ்மார்ட் பிளக் மட்டும் சும்மாவா இருக்கு? உங்க உத்தரவுக்காக ராப்பகலா வைஃபையில் முழிச்சிருக்கே, அதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கரண்ட் வேணும். ஆக மிச்சம், சைபர். பிளக் வாங்கிய ஆயிரம் ரூபாயை எஃப்.டி.யில் போட்டிருந்தால் 6 சதவிகிதத்துக்கு 60 ரூபாய் வந்திருக்கும்!

"என்னோடது பழைய ஆம்ப்ளிஃபயர், சும்மா இருந்தாலே 40 வாட் இழுக்கும்" என்கிறீர்களா? கட்டாயம் அணைக்கணும். அதுக்குத்தான் சுவத்தில் சுவிட்ச் இருக்கே சாமி! அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது. அவங்க வாங்கினால் நியாயம். நமக்கென்ன கேடு?

சரி, சௌகரியமாவது உண்டா? இப்போதைய ஆம்ப்ளிஃபயர் பலதும் கரண்ட் வந்ததும் ஸ்டாண்ட்பையில்தான் போய் நிற்கும். மறுபடி ரிமோட்டைத் தேடணும். ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் தனித்தனியா வச்சிருந்தால் பவர் ஆம்ப் கடைசியா ஆன் ஆகணும், முதல்ல ஆஃப் ஆகணும். எல்லாம் ஒண்ணா விழுந்தால் ஸ்பீக்கரில் "டொம்". பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் ஆன் ஆகிற நொடியில் இழுக்கிற கரண்டில் பிளக்குக்குள் இருக்கிற ரிலேயே ஒட்டிக்கலாம்.

இதெல்லாம் காசு சமாச்சாரம், போகட்டும். என் கோபம் வேற. ஸ்மார்ட் பிளக் வேலை செய்யணும்னா சுவத்து சுவிட்ச் எப்பவும் ஆனில் இருக்கணும். அதனால் யாரும் தொடாமல் இருக்க அது மேல செலோடேப்! எங்க புனே அடுக்குமாடியில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா பகலெல்லாம் தனியா. அக்கம்பக்கம் பேச மராத்தி தெரியாது, ஹிந்தி தெரியாது. துணைக்கு இருந்தது பாட்டு ஒண்ணுதான். "தம்பி ஆபீஸ்லேர்ந்து வந்து போட்டுவிடும்" என்கிறார்.

நாளைக்கு இதே கதி அந்தத் தம்பிக்கும் வரும். பெல்கின் கம்பெனி தன் வீமோ சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-உடன் ஆதரவு நிறுத்தம் என்று 2025-லேயே அறிவிச்சிடுச்சு. சர்வரை மூடினால் ஆப் ஊமை. சுவத்து சுவிட்சுக்கு அப்படி ஒரு தேதி இல்லை.

வேணும்னா உங்க அறையில் மாட்டிக்குங்க. ஹாலில் இருக்கிற பாட்டுப் பெட்டி வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் பொது. முதல்ல அந்த டேப்பைப் பிய்ச்சு எறியுங்க.