மரம் போனாலும் மண் மறப்பதில்லை

நீலகிரியின் மேல்மட்டத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திற்கு மேலே, மார்கழி விடியலில் நடந்து செல்கிறவர் முதலில் காண்பது உறைபனி பூத்து வெளுத்துக் கிடக்கும் புல்மேடுகளையும், அவற்றின் மடிப்புகளில் ஓடைகளைக் காத்துக்கொண்டு இருண்டு நிற்கும் சோலைகளையுமே ஆகும். இந்தப் புல்மேடுகளைத் தரிசு என்று எண்ணி, அவற்றில் மரம் வளர்ப்பதே அபிவிருத்தி என்று நம்பியவர்கள் செய்த பிழையின் பலனை அந்த மலை இன்றளவும் அனுபவித்து வருகிறது. அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்ற குரல் இப்போது ஓங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே; ஆயினும் அந்த மரங்கள் மண்ணுக்குள் செய்துவிட்ட மாறுதலைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

புல்மேடு என்பது காடு அழிந்து எஞ்சிய வெற்றிடமன்று. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட முடிவுகள், அங்கே புல்லும் மரமும் தட்பவெப்பத்தின் போக்கிற்கேற்ப மாறிமாறி ஓங்கி வந்த சரித்திரம் 20,000 ஆண்டுகளுக்குக் குறையாதது என்று காட்டின. திறந்த மேட்டில் முளைக்கும் சோலைக் கன்றை உறைபனி கருக்கிவிடும். புல்லோ அதைத் தாங்கிக்கொள்ளும்.

புல்லின் இந்த வாழ்வுக்கு ஆதாரமாய் இருப்பது மண்ணிலுள்ள தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், சிக்கனம். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே எனினும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியும் அதை நேரடியாக உண்ண முடியாது. மடிந்த இலையும் வேரும் மக்கி, நுண்ணுயிர்களின் கைபட்டு, அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ ஆன பின்னரே அது உணவாகிறது. குளிர்ந்த, புளிப்பு மிகுந்த மலைமண்ணில் இந்த வேலை மிக மெதுவாகவே நடக்கிறது. ஆகையால் மண் கருகருவென்று மக்கு நிறைந்திருந்தாலும், வேருக்குக் கிட்டும் சத்து கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தையும் வீணாக்காமல், இலை காயுமுன் தழைச்சத்தை அடித்தூருக்கு இழுத்துச் சேமித்து, அடுத்த மழைக்கு அதையே மீண்டும் செலவிடுவது பல்லாண்டுப் புற்களின் சுபாவம். வறுமையில் வாழப் பழகிய அவற்றுக்கு அந்த வறுமையே அரண். செழிப்பை நாடும் களைகள் அங்கே கால் ஊன்ற முடிவதில்லை.

இந்த அரணைத்தான் சீகை உடைத்தது. வாட்டில் என்று ஆங்கிலேயர் அழைத்த இந்த ஆஸ்திரேலிய மரம் 1840-களில் நீலகிரிக்கு வந்தது. பின்னர், தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும், சுதந்திரத்திற்குப் பின்னும் பரந்த அளவில் நடப்பட்டது. ஒரு சீகைக் கன்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள்: மெல்லிய வேர்களில் சிறுசிறு முடிச்சுகள் கோத்தாற்போல் தொங்கும், நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நமது இரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு பொருளே அந்நிறத்திற்குக் காரணம். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியங்கள், 1888-இல் விஞ்ஞானி பெய்யரிங்க் பிரித்தெடுத்துக் காட்டிய இனத்தின் உறவினர், காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மரத்திற்கு ஊட்டுகின்றன. சத்து மிகுந்த அம்மரத்தின் இலைகள் ஆண்டுதோறும் உதிர்ந்து மக்க, சிக்கனமாய் வாழ்ந்த மண் செல்வம் கண்ட மண்ணாகிவிடுகிறது. ஹவாய்த் தீவின் எரிமலைச் சரிவுகளில், வெளியிலிருந்து வந்து புகுந்த ஒரே ஒரு மரவினம் மண்ணுக்குள் சேரும் நைட்ரஜனின் அளவைப் பன்மடங்கு உயர்த்தியதைப் பீட்டர் விட்டௌசெக்கும் அவருடைய சகாக்களும் 1987-இல் நிரூபித்தார்கள். நீலகிரியிலோ சீகையோடு, ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்னும் மஞ்சள் பூப் புதர்களும் அதே தொழிலைச் செய்கின்றன.

அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் பணித்திருக்கிறது, வனத்துறையும் வெட்டுகிறது. ஆனால் மரத்தை வெட்டிய அன்றே மண் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. சேர்ந்த தழைச்சத்து அங்கேயே இருக்கிறது. பல பத்தாண்டுகள் உறங்கக்கூடிய சீகை விதைகளும் இருக்கின்றன. திடீரென்று வெயில் விழுந்ததும், அந்தச் செழிப்பை முதலில் உண்ண வருவது புல்லன்று, களையும் சீகைக் கன்றுமே.

ஆகவே எல்லா இடத்திலும் ஒரே கோடரி கூடாது. சீகை நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழுந்து வரும் பள்ளங்களில், மேல் நிழலைச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இன்னும் சீகை மூடாத புல்வெளிகளின் ஓரங்களிலோ முதல் கன்றிலேயே பிடுங்கிவிட வேண்டும். அங்கே மண் இன்னும் கெடவில்லை. வெட்டிய தழையை அங்கேயே மக்க விடாமல் அப்புறப்படுத்தி, நாட்டுப் புல்லின் தூர்களை நட்டு, ஆண்டு தவறாமல் திரும்பி வந்து களையெடுக்க வேண்டும். எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்ற கணக்கோடு, மண்ணில் நைட்ரேட் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கையும் அரசு எழுதி வைக்கட்டும். பின்னதைக் காட்டாத எந்த அறிக்கையும் புல்வெளி மீண்டதற்குச் சாட்சியாகாது.