ஏட்டை மூடு, ஊரைப் பார்!



பொருளாதாரம் பயிலும் மாணவனை நிறுத்தி, "உன் ஊரில் நடவுக்குக் கூலி என்ன? நிலமற்றோர் எத்தனை பேர்?" என்று கேட்டுப்பார். விழிப்பான். தேவைக் கோட்டை வரையச் சொல். கண்ணை மூடிக்கொண்டு வரைவான்! குற்றம் அவனுடையதன்று. ஆசான் பழைய குறிப்பேட்டைத் திறந்து ஓதுகிறார். அவன் எழுதுகிறான், உருப்போடுகிறான், தேர்விலே கொட்டுகிறான். நானும் அத்தகைய வகுப்பிலே அமர்ந்து, பாதியிலே எழுந்து வந்தவன்தான். படிப்பை முடிக்காதவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்பார் உளர். பந்தியிலிருந்து பசியோடு எழுந்தவன், சோற்றின் குறையைச் சொல்லலாகாதோ?

வேறு வழியே இல்லையா? இருந்தது, நூறாண்டுக்கு முன்பே! சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற்பேராசிரியராய் அமர்ந்தவர் ஆங்கிலேயரான கில்பர்ட் சிலேட்டர். 1916இல் அவர் மாணவர் கையிலே வினாப் பட்டியலைத் தந்து, ஊர்களை ஆராய்ந்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி – அந்த ஊர்களின் நிலமும் கடனும் கூலியும் ஏடேறின, 1918இல் நூலாயின. 1936–37இல் அவ்வூர்களுக்கு மறுபடியும் சென்றனர். இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர் சென்றனர்! மாணவர் தொடங்கிய கணக்கு அது.

அன்று கல்லூரிப் படியேறியோர் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். சேரியின் கணக்கை அவர்கள் கேட்டுத்தான் அறிய வேண்டும். இன்றோ, நடவு நட்ட தாயின் மகளே வகுப்பிலே அமர்ந்திருக்கிறாள்! பேராசிரியர் அறியாததை அவள் அறிவாள். அவள் வாயை அடைத்துவிட்டா குறிப்பு ஓதுவது?

ஆண்டுக்கு ஓர் ஊர். மதிப்பெண்ணில் கால்பங்கு அதற்கு. ஆசிரியரும் உடன் செல்லட்டும், வெயிலில்தான்!