கூடு முந்தியா, குஞ்சு முந்தியா?

புழைக்கடையில் நாலைந்து கோழி வளர்ப்போர் அடிக்கடி கூறும் முறையீடு ஒன்றுண்டு. அஃதாவது, பொரித்த குஞ்சுகளில் பாதிகூட ஒரு மாதம் நிலைப்பதில்லை என்பதும், மற்றவற்றை அண்டைவீட்டுப் பூனை கொண்டுபோயிற்று என்பதுமாம். இம்முறையீட்டிலிருந்து வசைச்சொல்லும், வசைச்சொல்லிலிருந்து வழக்கும், சிலவிடங்களில் விஷச்சோறும் பிறக்கின்றன. பூனையைத் தண்டிப்பதனால் கோழி பிழைப்பதில்லை. கூட்டைச் செம்மை செய்வதனாலேயே பிழைக்கும். இவ்வுண்மையைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் சற்று நிதானித்து ஆலோசிப்பது நலம்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் முதலான நெசவாளர் தெருக்களைப் பார்த்தால் இவ்விஷயத்தின் இரு பக்கமும் விளங்கும். அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பூனையானது தரையில் கால் வையாமலே கூரைவழியாகத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி சேரும். எந்த வீட்டுக் கொல்லையில் கூண்டு இருப்பினும் அதற்குத் தடையில்லை. ஆனால் அதே வீட்டினுள் பட்டு நூலும், கஞ்சி தோய்த்த பாவும் இருக்கின்றன. எலி கடித்த பாவு நெசவாளிக்குப் பெருநஷ்டம். அவ்வெலிக்குப் பகை பூனையே. ஆகவே முன்கட்டில் தறியைக் காக்கும் பிராணியே பின்கட்டில் குஞ்சைக் கவரும் பிராணியுமாகிறது. வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவர்க்கும் நெல் மூட்டை விஷயத்தில் நிலைமை இதுவே. பூனை மனிதனை அண்டியதே தானியத்தையும் அதனை நாடிவந்த எலியையும் முன்னிட்டுத்தான் என்பது அறிஞர் கருத்து. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் ஒருவனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையைப் பற்றிய ஆராய்ச்சி 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்துணை நெடிய உறவுள்ள பிராணியை ஒரு தெருவிலிருந்து விலக்கினாலும், எலியும் எச்சிலும் உள்ளவரை வேறொன்று அவ்விடத்திற்கு வந்தே தீரும்.

இது நிற்க. காணாமற்போன குஞ்சுகளெல்லாம் பூனையின் கணக்கில் எழுதத்தக்கவை அல்ல. பூனை பெரும்பாலும் சிறு குஞ்சையே முழுதாகத் தூக்கிச் செல்லும். வளர்ந்த கோழியை எதிர்ப்பது அரிது. கழுத்திலும் தலையின் பின்புறத்திலும் கடிபட்டுப் பல கோழிகள் ஒரே நாளில் கிடப்பின் கீரியைச் சந்தேகிக்கலாம். மேனி பிய்ந்து, தின்னப்படாமல் பல கோழிகள் சிதறிக் கிடப்பின் அது பெரும்பாலும் தெருநாயின் செயல். செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் மட்டும் நனைந்திருந்தால், பாம்பு விழுங்க முயன்று கைவிட்டது எனலாம். இரவில் குஞ்சின் கால் கடிபட்டிருந்தாலும், வளைக்குள் இழுத்துச் சென்ற அடையாளம் இருந்தாலும் அது எலி அல்லது பெருச்சாளியின் வேலை. பகலில் மறைவன பருந்துக்கும் வல்லூற்றுக்கும் காகத்துக்கும் உரியவை. காயமின்றி மடிவன வெள்ளைக்கழிச்சல் முதலிய நோய்க்கு இரையானவை. அதற்கு மருந்து தடுப்பூசியேயன்றிக் கூண்டன்று. அடையாளம் பாராமல் அண்டைவீட்டார்மீது பழி சுமத்துவது நியாயமுமன்று, பிரயோஜனமுமன்று.

விஷம் வைப்பதோ எவ்வகையிலும் தகாது. விஷம் கலந்த மீன்துண்டு பூனையைத் தேடிச் செல்வதில்லை. அதனைக் காவல்நாய் தின்னும், காகம் தின்னும், தின்று மடிந்ததைத் தின்ற பருந்தும் மடியும். சிறு பிள்ளைகள் கையிலும் அது அகப்படலாம். மேலும் கீரி, காட்டுப்பூனை முதலியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படுவன. வீட்டு விலங்கைத் துன்புறுத்துதலை 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் குற்றமெனக் கூறுகின்றது. நாலு குஞ்சு போன துக்கத்தில் நீதிமன்றப் படியேறுவது விவேகமாகாது.

பூனை வளர்ப்போர்க்குக் கடமையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வேளைக்கு உணவிட வேண்டும். பெருகாதபடி கருத்தடை செய்விக்க வேண்டும். ஆயினும் தெருவில் திரியும் பூனைகளிற் பல ஒருவருக்கும் உரியவை அல்ல. கீரிக்கும் பாம்புக்கும் சொந்தக்காரர் எவர்? கோழியின் முன்னோராகிய காட்டுக்கோழி இராக்காலத்தில் மரக்கிளையில் ஏறித் தங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனைக் கூண்டில் அடைத்தவர், பறந்து தப்பும் வழியை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவர் ஆவர். இருளில் கோழிக்குக் கண் தெரிவதும் அரிது. ஆதலால் அடைத்தவர் எவரோ அவரே காவலுக்கும் கடமைப்பட்டவர்.

அக்காவல் கடினமானதன்று. மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பிவலையே தக்கது. அதன் கண் அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. கண் பெரிதாயின் பூனை கைநீட்டிக் குஞ்சைப் பற்றும், எலியும் நுழையும். தரைக்கூண்டாயின் வலையை ஓரடி ஆழம் மண்ணிற் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்புறமாக ஓரடி அகலம் பரப்பிக் கல் பாவ வேண்டும். கால்களின்மேல் இரண்டு மூன்று அடி உயர்த்திய கூண்டு இன்னும் மேலானது. ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போல் தகரம் சுற்றினால் எலி ஏறாது. பரண்கம்பை வலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி அமைக்க வேண்டும். கதவிற்கு வெறுங்கொக்கி போதாது. தாழ்ப்பாளும் அதற்கோர் ஆணியும் வேண்டும். பூனைக்கு அஞ்சிச் சுற்றிலும் தகரம் அடைப்பாரும் உளர்; காஞ்சிபுரத்துச் சித்திரை வைகாசி வெயிலில் அக்கூண்டு அடுப்பாகிவிடும். காற்று அவசியம்.

பஞ்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் தாயையும் குஞ்சையும் பருந்துக்கும் காகத்துக்கும் மறைக்க அது நல்ல சாதனம். மேலே ஒரு கல் வைத்தால் காற்றுக்கும் நிற்கும். ஆனால் இரவிற்கு அது காவலன்று. நாயும் கீரியும் அதனை எளிதில் கவிழ்க்கும். பொழுது சாயுமுன் கோழிகளைக் கூண்டில் அடைத்து எண்ணிப் பார்ப்பதும், சிந்திய தீவனத்தைக் கூட்டி எடுப்பதும் நாள்தோறும் செய்யத்தக்கவை. சிந்திய தீவனம் எலியை அழைக்கும். எலி பாம்பையும் பூனையையும் அழைக்கும். காவலிற் பாதி துடைப்பத்தினாலேயே முடியும்.

இவ்வளவிற்கும் ஏழைக்குடிகள் எங்கே போவர் என்பது நியாயமான கேள்வி. கம்பிவலைக்கு விலையுண்டு, கோழி வளர்ப்போரிற் பலர் கூலிவேலை செய்யும் பெண்மக்கள். இதற்கு விடை குஞ்சுகளைக் குறைத்துக் கூட்டை முன்னே கட்டுவதே. இருபது குஞ்சு வாங்கி ஐந்தைக் காப்பதிலும், எட்டு வாங்கி ஏழைக் காப்பது லாபம். புழைக்கடைக்கு வெள்ளைக் கோழியைவிடச் சிறுவிடை முதலிய நிறக்கோழி தக்கது. மண்ணோடு மண்ணாய் மறைவதால் பருந்தின் கண்ணுக்கு எளிதில் தப்பும். சிறுவிடைப் பெட்டை குஞ்சுகளை அணைத்துக் காப்பதிலும் பெயர்பெற்றது.

ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மானியத்திலோ இலவசமாகவோ குஞ்சு கொடுக்குமுன், இரவுக் கூண்டு இருக்கின்றதா என்று கண்ணால் கண்ட பிறகே பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கூண்டில்லாதவர்க்கு முதலில் வலைக்கு வழிசெய்து, அதன்பின் குஞ்சு தருவது முறை. பூனை வழக்கு வருமிடத்தும், யாருடைய பூனை என்று கேட்குமுன் கூண்டின் கண் எத்தனை அங்குலம் என்று கேட்பாராயின் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

கோழி முந்தியா, முட்டை முந்தியா என்பதற்கு விடை எதுவாயினும் ஆகுக. கூடு முந்தியா, குஞ்சு முந்தியா என்பதற்கு விடை ஒன்றே. கோழி வளர்க்கக் கருதுவோர் கூட்டை முடித்த பின்னரே குஞ்சுக்குச் சொல்லி அனுப்புவார்களாக.